பதினேழாம் அத்தியாயம்

ஆரணி
12-1-2024

சேசு மரி சூசை

அன்புத் தங்கை சோபிக்கு அக்கா ஜாக்குலின் எழுதுவது. இங்கு நானும் ரெஜியும் சுகம். ரெஜியின் அப்பாவும் சுகம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரர் டேனி தம்பியும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் தாளில் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. என் போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அவர் அதைப் போட்டுக் கேட்கிறார். கிறிஸ்துமஸ் அன்று நீ, "இன்னும் எத்தனை நாளைக்குக்கா?" என்று கேட்டாயே, அதை மூன்று தடவை கேட்டார். "எத்தினி நாளைக்குன்னா இன்னா? உன் தங்கச்சி இன்னாத்த கேக்குறா?" என்றார். ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டதாகச் சொன்னேன். நம்பவில்லை. இடது கை சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். அவர் எதையும் யோசித்துத்தான் செய்வார். நான் நெய்கிற தறியில் நாடாக் கயிறு இழுக்க வலது கை வேண்டும், பலகை அடிக்க இடது கை வேண்டும், அந்தச் சுண்டுவிரல் மட்டும் தறிக்கு எதற்கும் வேண்டாம்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசையன்று கல்லறையில் உன்னிடம் சொன்னது மாறவில்லை. ரெஜி பத்தாவது முடிக்கிறாள். ஆகஸ்டில் அவர் வழக்கம்போல் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கப் போவார். காவி கட்டியவர் பாதியில் திரும்பக் கூடாது, வண்டி ஏறக் கூடாது. கோயில் பங்குப் பேரவைத் தலைவராயிற்றே, அவருக்கு அது மானப் பிரச்சினை. அவர் போன மூன்றாம் நாள் நானும் ரெஜியும் கிளம்பிவிடுவோம். கன்னியர் விடுதியில் எனக்குச் சமையல் வேலை, அவளுக்குப் படிப்பு. விடுதிச் சிஸ்டர் சரி சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் எழுதுவதை ரெஜியின் டியூஷன் டீச்சர் பிரமிளா வீட்டு முகவரிக்கு எழுது. ரெஜி நோட்டில் வைத்துக் கொண்டுவந்து தருவாள். உன் நாவல் முடிந்ததா?

அன்பு அக்கா
ஜாக்குலின்

*

சென்னை
3-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் ரெஜியின் நலமும் அறிய ஆவல்.

தாளில் கடிதம்! உறையைப் பிரித்து உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேனிகூட, "இதையே அடுத்த நாவலா எழுதலாம் போலிருக்கே" என்றார். விரலுக்கு நல்லெண்ணெய் தடவு, பாவி மனுஷன்.

நாவல் வந்துவிட்டது அக்கா! 'ஒற்றைப் பாவு' என்று தலைப்பு. புத்தகக் கண்காட்சியில் நான்கே நாளில் மேஜை காலி. எல்லாரும் ஒன்றைத்தான் பேசுகிறார்கள்: அதில் வரும் மூன்று பெண்களின் மூன்று விதமான தைரியம். எதையும் தாங்கிக்கொள்ளும் தாயின் தைரியம் ஒன்று. நடுவீட்டில் நின்று அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டுப் போகும் சின்னவள் ஸ்டெல்லாவின் தைரியம் ஒன்று. மூன்றாவது பெரியவள் பெர்னாவுடையது. வாயே திறக்காமல் நாள் பார்த்துக் காத்திருப்பவள். ஒரு விமர்சகர் பெர்னாவைப் படித்து அழுததாக எழுதியிருக்கிறார்.

புத்தகத்தை டீச்சர் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு உடனே எழுது. உன் வார்த்தைதான் எனக்கு முக்கியம்.

ஆசை முத்தங்களுடன்
சோபி

*

ஆரணி
26-2-2024

சேசு மரி சூசை

அன்பு சோபிக்கு,

சுகம். நீயும் தம்பியும் சுகமா?

புத்தகம் வந்தது. காக்கி அட்டை போட்டு 'அறிவியல் வழிகாட்டி' என்று ரெஜி எழுதி ஒட்டினாள். தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே பதினொரு நாளில் படித்தேன். நீ நன்றாக எழுதுகிறாய்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அம்மா தைரியசாலி இல்லை. அவளுக்குப் போக இடம் இல்லை, அவ்வளவுதான். நீ அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறாய். ஸ்டெல்லா அப்பாவை எதிர்த்துப் பேசும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய், அடி எனக்கு விழுந்தது. போகட்டும், கதைதானே.

ஆனால் பதினேழாம் அத்தியாயம். அதை ஏன் சோபி எழுதினாய்? பெர்னாவின் புருஷன் காவி கட்டி மாதா கோயிலுக்கு நடக்கிறான். பாதியில் திரும்ப முடியாது என்று தெரிந்து, பத்தாவது முடித்த மகளோடு அவள் மூன்றாம் நாள் கன்னியர் விடுதிக்குப் போகிறாள். கல்லறையில் நான் சொன்னது ஒன்றுவிடாமல் அப்படியே இருக்கிறது. பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறாய். படித்ததும் தார்க்குச்சி கையிலிருந்து கீழே விழுந்தது. "இன்னாமே ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த பதிப்பு வந்தால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. ஆரணிக்கு இந்தப் புத்தகம் வராமல் பார்த்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

*

சென்னை
20-3-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கடிதம் கண்டேன். பதிலுக்குத் தாமதமாகிவிட்டது, மூன்று கூட்டங்கள், ஒரு நேர்காணல்.

நீ வீணாகப் பயப்படுகிறாய். ஊர்ப் பெயர் மாற்றியிருக்கிறேன், பெயர்கள் மாற்றியிருக்கிறேன். மாமா ஜரிகை விலையைத் தவிர வாழ்நாளில் எதைப் படித்திருக்கிறார்? ஆரணியில் முந்நூறு பக்க நாவலை யார் படிக்கப் போகிறார்கள், சொல்.

பதினேழாம் அத்தியாயத்தை எடுத்தால் நாவலில் உயிரே இருக்காது அக்கா. மற்ற இரண்டு பேரின் தைரியமும் பெர்னாவின் தைரியத்துக்கு முன்னால் சின்னதாகிப் போகிற இடம் அது. உன்னைக் கௌரவிக்கத்தானே எழுதினேன்? அதில் நீ எவ்வளவு உயரமாக நிற்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. தவிர, இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போயாகிவிட்டது. ஒரு விருதின் இறுதிப் பட்டியலிலும் பெயர் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாதே.

ரெஜிக்குத் தேர்வு வாழ்த்துகள்.

சோபி

*

ஆரணி
14-4-2024

சேசு மரி சூசை

சோபிக்கு,

சுகம். பாஸ்குத் திருநாள் நல்லபடியாகப் போனது. ரெஜி தேர்வை நன்றாக எழுதியிருக்கிறாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆதிநாதன் சார் உன் புத்தகத்தைப் படித்துவிட்டாராம். ஊர்ப் பெண் எழுத்தாளரானதற்குப் பாராட்டு விழா எடுக்கப் போகிறாராம். பூசை முடிந்து வரும்போது வழியில் நிறுத்தி இவரிடம் சொன்னார். இவர் முகமெல்லாம் சிரிப்பாக, "நம்ம வூட்டுப் பொண்ணு சார், ஜம்முனு செய்ங்க, புடவை என் செலவு" என்றார்.

வராதே. உடம்பு சரியில்லை என்று சொல். வெளியூர் என்று சொல். என்ன வேண்டுமானாலும் சொல், ஆனால் வராதே.

அக்கா

*

சென்னை
13-5-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆதிநாதன் சாருக்கு எப்படி முடியாது என்பேன்? எனக்குத் தமிழ் சொல்லித் தந்தவர். எண்பது வயதில் பேருந்து பிடித்துச் சென்னைக்கே வந்து அழைத்தார். மே 26, திருமண மண்டபத்தில். டேனியும் வருகிறார்.

நீ கவலைப்படாதே. மேடையில் அம்மாவைப் பற்றி மட்டும்தான் பேசுவேன். பெர்னா என்ற பெயரே என் வாயில் வராது. சத்தியம்.

ரெஜி 478 மதிப்பெண்ணா! தட்டிக் கொடுத்ததாகச் சொல்.

சோபி

*

ஆரணி
2-6-2024

சேசு மரி சூசை

சோபிக்கு அக்கா எழுதுவது. நீயும் தம்பியும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா?

மண்டபத்தில் உன்னோடு தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் என் பக்கத்திலேயே இருந்தார். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆதிநாதன் சார் நல்லவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முக்கால் மணி நேரம் பேசினார். தாங்குவது ஒரு தைரியம், எதிர்ப்பது ஒரு தைரியம், காத்திருந்து கிளம்புவது எல்லாவற்றிலும் பெரிய தைரியம் என்று சொல்லிப் பதினேழாம் அத்தியாயத்தை முழுதாகப் படித்தார். இவர் முன்வரிசையில் கை கட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரைகூடத் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். காவி கட்டி நடப்பவர்கள் நம் ஊரிலேயே நூறு பேர்.

பிறகு நீ மைக்கைப் பிடித்தாய். "எனக்குத் தெரிந்த மிகத் தைரியமான பெண் இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்" என்று என்னைக் கைகாட்டினாய். எழுந்து நிற்கச் சொன்னாய். நின்றேன். மண்டபமே கை தட்டியது. எல்லாரும் நிறுத்திய பிறகும் இவர் தட்டிக்கொண்டிருந்தார். உனக்குப் போர்த்திய அந்தப் புடவை நான் நெய்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நீ அழுதாய்.

வீட்டுக்கு வரும் வழியில் ரெஜிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். வந்ததும், "போன வருசத்துக் காவி வேட்டி கிழிஞ்சிகினு கீதா பாரு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஒரு வாரமாக என்மேல் கை வைக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உன்னிடம் நான் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இந்த வாரம் நீயும் தம்பியும் காரில் வாருங்கள். ரெஜியைச் சென்னையில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம் என்று பங்குச்சாமியார் முன்னால் வைத்துக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் அவர் முடியாது என்று சொல்லமாட்டார், ஊர்ப் பெயர் அவருக்கு அவ்வளவு முக்கியம். அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடு. என் பாடு எப்படியோ போகட்டும். பள்ளிக்கூடம் 10-ஆம் தேதி திறக்கிறது. அதற்குள் வா.

அக்கா

*

சென்னை
25-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். மன்னித்துவிடு. மேடையில் கை தட்டல் கேட்டதும் வாய் தானாகப் பேசிவிட்டது. நான் உன்மேல் வைத்திருக்கும் பாசம்தான் அது.

ரெஜியைப் பற்றி டேனியிடம் பேசினேன். தப்பாக நினைக்காதே. எங்கள் வீடு இரண்டே அறை. பெற்ற அப்பாவின் மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பதினாறு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டால் நாளைக்கே ஆள் கடத்தல் என்று புகார் கொடுப்பார், டேனியின் வேலைக்குச் சிக்கல் வரும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகஸ்டில் விருது விழாவும் இருக்கிறது. ஆமாம் அக்கா, கிடைத்தேவிட்டது! இந்த நேரத்தில் பெயர் பத்திரிகையில் வேறு மாதிரி வந்துவிட்டால் புத்தகத்துக்கே கெட்ட பெயர்.

ஆகஸ்டுக்கு இன்னும் இரண்டு மாதம்தானே? பதினெட்டு வருஷம் பொறுத்தவள் நீ. மாமா காவி கட்டிப் போனதும் மூன்றாம் நாள் நீ நினைத்தபடியே கிளம்பிவிடு. சிஸ்டர்தான் சரி சொல்லியிருக்கிறார்களே. எங்கள் எல்லாரையும்விட நீதான் தைரியசாலி. எனக்கு உன்னிடம் முழு நம்பிக்கை இருக்கிறது.

சோபி

*

ஆரணி
4-7-2024

மதிப்பிற்குரிய சோபியா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். பிரமிளா டீச்சர் எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு மாதமாகவே ரெஜி டியூஷனுக்கு வருவது குறைந்துவிட்டது. உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோதும் அவள் வரவில்லை. அலமாரியில் எடுத்து வைத்தேன். முந்தாநாள் மாலை, நான் பொழுதுசாய்வதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் அப்பா இருதயசாமி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். பிள்ளைகள் உட்காரும் பாயிலேயே உட்கார்ந்தார். "டீச்சர், எங்க வூட்டு லெட்டரு ஏதாவது தவறி உங்க வூட்டுக்கு வந்துகினு கீதா?" என்றார். இல்லை என்றேன். "உங்க பொண்ணுக்குத் திருமலை பக்கம் வரன் பேசிகினு கீறீங்களாமே. நல்ல எடம். அடுத்த வூட்டுப் பொம்பளைய ஓடிப்போகச் சொல்லிக் குடுக்குற வூடுன்னு யாராவது போய்ச் சொல்லிட்டா பேஜாராப் பூடும், இல்லீங்களா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நான் போட்டுத் தந்த மோரைக் குடித்தார்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நான் சமணக் குடும்பம், கிருமிகூடச் சாகக் கூடாது என்று தண்ணீரை வடிகட்டிக் குடிக்கிறவள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உங்கள் அக்கா மிகவும் தைரியமானவர், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தயவுசெய்து இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம். முடிந்தால் நேரில் வாருங்கள். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு
பிரமிளா

*

சென்னை
22-7-2024

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

நாங்கள் நலம். உங்கள் அனைவரின் நலம் அறிய ஆவல். அக்காவின் போன் மூன்று வாரமாக அணைந்தே இருக்கிறது. மாமாவின் போனும் எடுக்கப்படவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ரெஜி எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள்? நானும் டேனியும் ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று யோசிக்கிறோம். உங்களுக்குச் சௌகரியமான நாளைச் சொன்னால் வருகிறோம். கதை எழுதுகிறவர்கள் எதையாவது கற்பனை செய்து எழுதுவார்கள், மாமா எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்
சோபியா

*

ஆரணி
10-8-2024

சேசு மரி சூசை

அன்புள்ள மச்சினி சோபியாவுக்கு மாமா இருதயசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். மாப்பிள்ளை டேனியும் நீயும் சுகமாக இருப்பீர்கள்.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. பதில் எழுத வேண்டியவள் தறியில் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

நான் படிக்காதவன் என்று நினைத்திருப்பாய். உன் புத்தகத்தை விழாவிலேயே வாங்கினேன். வாழ்க்கையில் நான் படித்த முதல் நாவல். நான் படித்தேன் என்று சொல்லக் கூடாது, ஜாக்குலினைப் படிக்கச் சொன்னேன். தினம் ஜெபமாலை முடிந்ததும் ஒரு அத்தியாயம். நானும் ரெஜியும் எதிரே உட்கார்ந்து கேட்டோம். பதினேழாவதை மட்டும் ஒன்பது நாள் படிக்கச் சொன்னேன், நவநாள் போல. முதல் இரண்டு நாள் பாதியில் நிறுத்தினாள், தண்ணீர் கொடுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து புத்தகத்தைப் பார்க்காமலே சொல்கிறாள்.

மூன்று தைரியத்தில் எது பெரிது என்று ஆதிநாதன் சார் அன்று பேசினாரே, அதை வீட்டிலும் கேட்டேன். ரெஜி, பெர்னா என்றாள். சின்னப் பெண், தெரியாமல் சொல்லிவிட்டாள். அவளுக்குப் புரிய வைத்தேன். இப்போது கேட்டால் அந்தத் தாய் என்பாள். படிப்பு போதும் என்று இரண்டாம் தறியில் உட்காரவைத்திருக்கிறேன். அம்மாவைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறாள். அந்த விடுதிச் சிஸ்டருக்கும், என் மனைவிக்கு மனநிலை சரியில்லை என்று பங்குச்சாமியார் கையால் கடிதம் போட்டாயிற்று.

உன் கதையில் வரும் புருஷன் முட்டாள். பெண்டாட்டியை விட்டுவிட்டு மாதாவைப் பார்க்க எவனாவது தனியாகப் போவானா? இந்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் காவி கட்டி மாலை போட்டிருக்கிறோம். 18-ஆம் தேதி காலைப் பூசை முடிந்து கிளம்புகிறோம். ஜாக்குலின் எனக்கு முன்னால் நடப்பாள், ரெஜி எனக்குப் பின்னால் என் தம்பி கூட நடப்பாள். காவி கட்டியவர்கள் பாதியில் திரும்பக் கூடாது, உனக்குத் தெரிந்ததுதான்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். இது உன் அக்கா வீடு, கேட்க வேண்டியதே இல்லை. 17-ஆம் தேதி வரை இங்கேதான் இருப்போம், கதவு திறந்தே இருக்கும். வந்து கூப்பிடு, அவர்கள் வருகிறோம் என்றால் அனுப்பிவைக்கிறேன், மாதா மேல் ஆணை. எதற்கும் ஜாக்குலினிடம் உன் தங்கை வருவாளா என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமல் நெய்துகொண்டே, "வரமாட்டா" என்றாள்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டதாமே. எனக்கு ஒன்று கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இப்படிக்கு
உன் மாமா
அ. இருதயசாமி

*

சென்னை
16-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி.

நேரில் வர வேண்டும் என்றுதான் இருந்தேன். விருது விழாவுக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கையை நாளைக்குத்தான் தருகிறார்கள், டேனிக்கும் விடுப்பு இல்லை. ரெஜிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, நடக்கும்போது அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எல்லாரும் நல்லபடியாகப் போய்வர நானும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டபடி இரண்டாம் பதிப்பில் கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அக்காவிடமும் காட்டுங்கள்.

அன்புடன்
சோபியா